கீழே ஒண்ணு, மேலே ஒண்ணு

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். உங்க மிஸஸை நிறுத்திடறது நல்லது" என்றார் கிட்டார் மாஸ்டர்.

அம்மாவையும் மனைவியையும் வகுப்பிலிருந்து கூட்டிப்போக வந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு முகம் சுண்டிப்போனது.

"அம்மா எப்படி சார்?"

"அவங்க பரவாயில்ல. முப்பது வருஷம் டைப் அடிச்ச கை, கீழேதான் அடிக்கும். விரல்ல பிடிச்சு மீட்டுற சின்னத் தகடு, அந்த 'பிக்'கை மேலே கொண்டு வரும்போது கம்பியில சிக்குது. ஆனா விடாம முயற்சி பண்றாங்க. உங்க மிஸஸுக்கு என்ன? சின்ன வயசு. நாலு மாசமா அதே தப்பு. கூடச் சேர்ந்தவங்க எல்லாம் அடுத்த வகுப்புக்குப் போயாச்சு."

வீட்டுக்கு வந்து, அம்மா குளிக்கப் போனதும் மனைவியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாவை இழுத்துக்கிட்டுப் போய்ச் சேர்த்ததே நீதான். இப்போ அவங்க கையொடிய உழைக்கிறாங்க, நீ ஒப்புக்கு உட்கார்ந்துட்டு வர்றே. அடுத்த மாசத்திலேருந்து அம்மா மட்டும் போகட்டும்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து மதியமே வந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டான்.

உள்ளே கிட்டார். கீழே ஒண்ணு, மேலே ஒண்ணு... ஓரிடத்தில் கூடச் சிக்கல் இல்லை. அப்படி ஒரு வேகம்.

அட, அம்மாவுக்கு வந்துடுச்சா! ஆவலாகக் கதவைத் தள்ளினான்.

கட்டிலில் மனைவி. போனில் டிக் டிக்கென்று தாளம் ஓட, மணிக்கட்டு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. அவனைக் கண்டதும் சட்டென்று கம்பிகளைக் கையால் பொத்தினாள்.

"அம்மா?"

"தையல் கடைக்குப் போயிருக்காங்க."

"இவ்வளவு நல்லா வாசிக்கிறே! அப்புறம் ஏன் கிளாஸ்ல...?"

கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தாள்.

"நான் அடுத்த வகுப்புக்குப் போயிட்டா அத்தை அங்கே தனியாயிடுவாங்க. சுத்தி எல்லாம் ஸ்கூல் பசங்க. 'நீ பக்கத்துல இருக்கிறதாலதாம்மா எனக்குக் கூச்சமா இல்ல'ன்னு முதல் நாளே சொன்னாங்க. மாமா போனதுக்கப்புறம் அவங்க ஆசையா வீட்டை விட்டுக் கிளம்பறது இந்த ஒண்ணுக்குத்தான்."

அவன் மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாஸ்டர் உன்னை மக்குன்னு நினைக்கிறாரேடி?"

"நினைச்சுட்டுப் போகட்டும். அத்தைக்கு என்னிக்குக் கை மேலே வருதோ, அன்னிக்கு எனக்கும் வந்துடும்."