நீள வடை

இது நான் நேரில் பார்த்தது இல்லை. அனுசுயா அம்மா சொல்லித்தான் தெரியும். ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறேன்.

“நீயே சொல்லும்மா. பொண்ணு பார்க்கப் போன இடத்துல, பொண்ணு பார்சல் கேக்குமா?”

“என்ன பார்சல்மா?”

“வடை!”

வெளியூரில் வேலை பார்க்கும் அவர் மகன் சிவராமனுக்குப் பெண் பார்க்க, தென்னூரில் புதிதாகத் திறந்த ஒரு லெபனான் ஓட்டலில் இரண்டு குடும்பமும் சந்தித்திருக்கிறார்கள். யோசனை சிவராமனுடையது. ‘சைவம் தனியா கிடைக்கும்மா’ என்று சத்தியம் பண்ணி அழைத்துப் போயிருக்கிறார். அனுசுயா அம்மா பேக்கரி கேக்கையே ‘முட்டை இருக்கா’ என்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

“சாப்பாடு எப்படிம்மா?”

“சாப்பாடா அது? கொண்டைக்கடலையை அரைச்சு எண்ணெயை ஊத்தி, அதுக்கு ஹம்மஸ்னு ஒரு பேரு. ஒரு கட்டு தழையை நறுக்கி எலுமிச்சம்பழம் பிழிஞ்சா அது சாலட்டாம். எங்க தெரு மாடு பார்த்தா சொந்தம் கொண்டாடும்.”

“சிவராமன் அண்ணனுக்குப் பிடிச்சுதா?”

“அவனுக்கு எல்லாமே சூப்பர். பொண்ணோட அப்பா பாடுதான் பாவம். சிவா சூப்பர்னா ‘ஆமாங்க தம்பி, சூப்பர்’. நான் நல்லால்லேன்னா ‘ஆமாம்மா, ஒரு மாதிரிதான் இருக்கு’. ரெண்டும் அதே ஹம்மஸ்!”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“ஆனா ஒண்ணும்மா. கடைசியா நீளநீளமா ஒரு வடை வந்துச்சு பாரு! வெளியில மொறுமொறுன்னு, உள்ள மசாலா. அமிர்தம்! ஒண்ணு முழுசா சாப்பிட்டுட்டு அடுத்ததுக்குக் கையை நீட்டுறேன். அந்தப் பொண்ணு ப்ரீத்தி அப்பத்தான் ஒரு கடி கடிச்சா. அவ்வளவுதான், தட்டைச் சடக்குன்னு தன் பக்கம் இழுத்துட்டா!”

“ஐயோ.”

“‘ஆன்ட்டி, எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு, மிச்சத்தைப் பார்சல் எடுத்துக்கறேன்’கிறா. வாயில இருக்கிறதை முழுங்கக்கூட இல்லை, டிஷ்யூவை வெச்சு மூடிக்கிட்டே பேசுறா. பரிமாறுறவரே வெலவெலத்துப் போயிட்டாரு. தட்டைத் தானே தூக்கிக்கிட்டு அவர் பின்னாலேயே சமையல்கட்டுக்குள்ள போயிட்டா!”

“அவங்கப்பா ஒண்ணும் சொல்லலையா?”

“குனிஞ்ச தலை நிமிரலை. ‘இன்னொரு தட்டு சொல்லுவோம்’னான் சிவா. ‘தீர்ந்துபோச்சாம்’னு அவளே திரும்பி வந்து சொல்றா!”

“அண்ணன் இப்ப என்ன சொல்றார்?”

“‘பிடிச்சிருக்கு’ங்கிறான். பொண்ணையா, வடையையான்னு கேட்டேன். நாளைக்குச் சாயங்காலம் போன் போட்டு, வேண்டாம்னு சொல்லிடப் போறேன். இன்னிக்கு என் தட்டை இழுக்கிறவ, நாளைக்கு என் பிள்ளையை இழுக்க மாட்டாளா?”

நான் எழுந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“உனக்குத் தென்னூர்லதானே ஆபீஸ்? வரும்போது அந்த நீள வடை ரெண்டு வாங்கிட்டு வாயேன்.”

மறுநாள் மதியம் போனேன். அந்த மாதிரி ஓட்டலுக்குள் தனியாகப் போவது எனக்கு முதல் தடவை. மெனு அட்டையில் எது வடை என்று பிடிபடவில்லை. பரிமாறுபவரைக் கூப்பிட்டேன். சட்டையில் பிரான்சி என்று பெயர் குத்தியிருந்தார்.

“சைவத்துல நீளமா ஒரு வடை இருக்காமே. ரெண்டு பார்சல் வேணும்.”

“சைவத்துல உருண்டைதாங்க.”

“இல்லைங்க, நீளம். எங்க வீட்டுக்காரம்மா போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்டாங்களாம். ஸ்ரீரங்கத்துலேர்ந்து பொண்ணு பார்க்க வந்தாங்க.”

அவர் முகம் சுருங்கியது. கல்லாப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“அது மட்டன்ங்க.”

“மட்டனா?” என்றேன்.

“பக்கத்து டேபிளுக்குப் போக வேண்டிய தட்டு. மாத்தி வெச்சது நான்தான். அந்தப் பொண்ணு ஒரு கடி கடிச்சிட்டு என்னைப் பார்த்துச்சு. அப்பத்தான் எனக்கே உறைச்சுது. அதுக்குள்ள அந்தம்மா ஒண்ணைச் சாப்பிட்டே முடிச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு உள்ள வந்து வாயைக் கொப்பளிச்சுக்கிட்டு அழுதுச்சுங்க. அவங்க வீடும் சைவமாம். என்னை நல்லாத் திட்டுச்சு. அப்புறம், ‘அவங்களுக்குத் தெரிஞ்சா இனிமே ஒரு வாய்ச் சோறு நிம்மதியா இறங்காது. தீர்ந்துபோச்சுன்னே சொல்லிடுங்க’ன்னுச்சு.”

ஓட்டல் வாசலில் நின்றபடியே சிவராமன் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவரிடம் மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் நான் வாங்கிப்போன பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, “இது உருண்டையால்ல இருக்கு?” என்றார் அனுசுயா அம்மா.

“சைவத்துல இதுதான் போடுறாங்களாம்மா.”

அது பொய் இல்லை.

அதற்குள் மகனிடமிருந்து அவருக்குப் போன் வந்துவிட்டது. கட்டினால் இவளைத்தான் என்று ஒரே பிடிவாதம். இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, “ஒரு வடைக்காகவா நல்ல சம்பந்தத்தை விடுவாங்க?” என்று, ஏதோ நான் விடச் சொன்ன மாதிரி என்னையே கேட்டார்.

கல்யாணம் முடிந்துவிட்டது. ப்ரீத்தி ஸ்ரீரங்கம் வரும்போதெல்லாம் மாமியாருக்கு நீள வடை சுட்டுத் தருகிறாள். “அந்த ஓட்டல்காரன் பிச்சை வாங்கணும்!” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் அனுசுயா அம்மா.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சமையலறைக்குள் போய், உள்ளே என்ன வைக்கிறாள் என்று பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மீல்மேக்கர்தான்.