பச்சை எரிந்தால் திறக்கலாம்

"வயரைப் பிடுங்கிப் பார்க்கிற டெஸ்ட் எல்லாம் தேவையில்ல மேடம். உள்ளுக்கு இருக்கிற சிப்பு ஃபெயில்-சேஃப் லா, கோளாறானாலும் தடுமாறாது," என்றார் அஷ்வின்.

புது எச்சரிக்கை விளக்கைப் பொருத்திய கம்பெனியின் இன்ஜினியர், பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வந்திருந்தார். இஸ்திரி கலையாத சட்டையோடு செம்பனை எண்ணெய் மில்லுக்குள் நடப்பவர்களை நான் அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுவதில்லை. நானும் இன்ஜினியர்தான், இந்தக் கூலாய் மில்லுக்கு. என் சட்டையில் காலை எட்டு மணிக்கே எண்ணெய் ஏறிவிடும்.

எங்கள் எதிரே ஒரு லாரி நீளத்துக்கு இரும்பு உருளை. செம்பனைக் குலைகளை உள்ளே தள்ளி, கதவை அடைத்து, நீராவியில் அவிப்போம். ஆவி முழுதும் வெளியேறுமுன் கதவைத் திறந்தால், எதிரே நிற்கும் ஆள் பிழைக்க மாட்டார்.

இன்று மதிய ஷிப்டில் அந்த இடத்தில் நிற்கப்போவது என் கணவர் திருச்செல்வம்.

அவருக்காகத்தான் இந்தப் புது விளக்கு. உருளையின் உச்சியிலுள்ள சென்சார், உள்ளே ஆவி இருக்கிறதா என்பதை இரண்டு கம்பிகள் வழியே கீழே சொல்லும். கீழே பெட்டியிலுள்ள சிப், இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, பூஜ்யம் அல்லது ஒன்று என்று முடிவு செய்யும். பூஜ்யம் என்றால் சிவப்பு விளக்கு, ஆவி இருக்கிறது. ஒன்று என்றால் பச்சை, திறக்கலாம்.

காலையிலிருந்து பச்சை எரிந்துகொண்டிருந்தது. உருளையும் வெறுமையாகத்தான் கிடந்தது.

மேனேஜர் ராஜசேகரன் கொஞ்சம் விவரமானவர். "கம்பி அறுந்தா சிப்பு தடுமாறாதா?" என்று கேட்டார்.

"மத்த சிப்புதான் தடுமாறும் பாஸ். இது கம்பியே இல்லன்னாலும் கெட்டியா ஒரே பதில்தான் சொல்லும்."

அஷ்வின் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஒரே பதில் என்ன என்று மட்டும் மேனேஜர் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம். வாயால் கேட்டால் வாயால் பதில் வரும், எனக்கு அது போதாது.

வலது கையைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே சொன்னேன்: "சரி பாஸ், ஆவியாவது விட்டுப் பார்ப்போம்."

மேனேஜர் என் பையை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

எங்கள் மில்லில் எந்தச் சோதனைக்கும் ஒரு வழக்கம் உண்டு. சோதிப்பவர் தன் சொந்தப் பூட்டைக் கதவின் கைப்பிடியில் போடவேண்டும், போட்டவர்தான் திறக்கவேண்டும். இடது கையாலேயே என் பூட்டை மாட்டி அழுத்தினேன். அதன் சாவி எப்போதும் என் தாலிக்கொடி ஊக்கில் கிடக்கும்.

பின்பக்க வால்வைத் திறந்தார்கள். குழாய்கள் சீறின. மேனேஜர் ஏதோ கேட்க, அஷ்வின் அவரைப் பெட்டிப் பக்கம் அழைத்துப்போய் விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் திருச்செல்வம் ஷிப்டுக்கு வந்தார். தொப்பியை மாட்டிக்கொண்டே விளக்கைப் பார்த்தார். பச்சை. போன வாரம் அஷ்வினே பாடம் நடத்தியிருந்தார். பச்சை எரிந்தால் திறக்கலாம்.

நான் கத்துவதற்குள் அவர் கை கைப்பிடியில் இருந்தது.

பூட்டு தடுத்தது.

பூட்டியது நானேதான். இருந்தும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுங்க! உள்ள ஆவி இருக்கு!"

மேலே புகை படிந்த கண்ணாடிக்குள் ஆவி அழுத்தம் காட்டும் பழைய முள் மீட்டரைக் காட்டினேன். முள் பாதிக்கு மேல் ஏறி நின்றது.

"அலமாக்," என்று பதறித் திருச்செல்வம் பின்வாங்கினார். விளக்கு அப்போதும் அழகாகப் பச்சையாகவே எரிந்தது.

வால்வை மூடி ஆவியை வெளியேற்றச் சொன்னேன். பிறகு அஷ்வினிடம் திரும்பினேன். "உங்க சிப்பு மேல தப்பில்ல. கம்பி இல்லாட்டி 'ஒன்னு'ன்னு சொல்லும். நீங்க 'ஒன்னு'ன்னா பச்சைன்னு வச்சிருக்கீங்க. சென்சார் கம்பி ரெண்டையும் இடம் மாத்திப் போட்டு, 'ஒன்னு'ன்னா சிவப்புன்னு வைங்க. அப்புறம் கம்பி அறுந்தா கதவு திறக்காது, அவ்வளவுதான்."

அஷ்வின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை. "இது சென்சார் கோளாறு மேடம். வயர்லாம் நல்லாத்தான் இருக்கு. அறுந்திருந்தா காலையிலேயே நான் கண்டுபிடிச்சிருப்பேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். திருச்செல்வமும் பார்த்தார்.

நான் வலது கையைப் பையிலிருந்து எடுத்து விரித்தேன்.

உள்ளங்கையில் சென்சாரின் பிளக், அதில் முறுக்கிய இரண்டு கம்பிகள். அஷ்வின் காரை நிறுத்துவதற்கு முன்பே நான் உருளை உச்சிக்கு ஏறிக் கழற்றி வந்தது.

"இன்னைக்கு நான் கழட்டினேன், பூட்டும் போட்டேன்," என்றேன். "நாளைக்கு எலி கடிச்சு அறுத்தா, அது பூட்டுப் போடாது."