தூத்துக்குடி வண்டி

பெண்கள் பெட்டியில் ஏறியதிலிருந்து ஹாஜராவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எழுந்து நடுவில் போய் உட்கார்ந்தாள். மூச்சு முட்டியது. மறுபடியும் ஜன்னலுக்கே வந்தாள்.

மதுரை ஜங்ஷனில் தூத்துக்குடி வண்டி கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. கடைசிப் பெட்டியில் இன்னும் பஞ்சுப் பொதி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

விக்டோரியா ராணி காலத்தில், பருத்தியைக் கப்பலுக்குக் கொண்டுபோகத்தான் இந்தப் பாதையைப் போட்டார்களாம். அவளைப் பெற்ற அத்தா பஞ்சு வியாபாரி. இன்றைக்கும் இதில் பொதி ஏறிய பிறகுதான் மனிதன் என்று சொல்லிச் சிரிப்பார்.

திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி. அத்தா சொல்லிக் கேட்ட ஊர்களை வாய்க்குள் முணுமுணுத்தாள். அதற்கப்புறம் கடல். அவள் கணவன் நூருல் அமீன் கொழும்பிலிருந்து வந்து துறைமுகத்தில் காத்திருப்பான்.

அவனுக்கும் அவள் அண்ணன் சிஹாபுதீனுக்கும் கைகலப்பாகி ஒரு வருடமாகிறது. அன்றைக்கே அண்ணன் அவளைப் பிறந்த வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டான். தலாக் வாங்காமல் விடமாட்டேன் என்று நிற்கிறான்.

மகனை எதிர்த்துப் பேசி அத்தாவுக்குப் பழக்கமில்லை.

மணி அடித்தது. வண்டி அசையவில்லை.

யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அத்தாவின் குரல்தான். ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். சற்றுப் பின்னால் அண்ணன், கூட இரண்டு ஆட்கள்.

ஹாஜரா வெள்ளைத் துப்பட்டியை முகம் மறைய இழுத்தாள். இழுத்த வேகத்தில் அது நழுவி விழுந்தது.

அத்தா நேர் எதிரே நின்றார்.

அவளைப் பார்த்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. உதடு ஏதோ சொல்லப்போவதுபோலத் துடித்தது.

"அத்தா, இதுல இருக்காளா?" அண்ணன் நெருங்கிவிட்டான்.

அத்தா ஜன்னலை முதுகால் மறைத்துக்கொண்டு திரும்பினார்.

"நல்லாப் பாத்துட்டேன், இதுல இல்ல. ஸ்டேசனுக்கே இன்னும் வந்திருக்க மாட்டா. வாசலுக்கு ஓடு, சீக்கிரம்!"

செருப்புச் சத்தங்கள் வாசல் பக்கம் விரைந்தன.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது.

அவர்கள் பின்னாலேயே ஓடிக்கொண்டு, அத்தா அவள் பெயரைச் சொல்லிக் கூவுவது கேட்டது. பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாக அவர் அவளைக் கூப்பிட்டதில்லை.