எரியாத பேட்டரி விளக்கு

காரைத் தள்ளிக்கொண்டு வந்த மூன்று பேரும் அதைக் கடை வாசலில் விட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வண்டியைப் பார்த்ததுமே மீட்டருக்கு நாக்கில் கசப்பு ஏறியது. காலையில் குடித்த டீயாக இருக்கும் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தார்.

மீட்டர் என்பது பட்டப்பெயர். கார் எலெக்ட்ரீஷியன். இருபத்தாறு வருஷமாக வோல்ட் மீட்டரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்ததில் வந்த பெயர். கோபம் வந்தால் வீட்டில் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள்.

வண்டிக்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து இருக்கும். கழுத்தில் ஆபீஸ் அட்டை. அவளும் சேர்ந்து தள்ளியிருக்கிறாள். வார் அறுந்த செருப்பு ஒன்று கையில் இருந்தது.

"ரெண்டு வாரத்துல இது மூணாவது தடவை அண்ணா. எல்லாம் நான் வேலைக்குப் போற வழியிலதான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரர் ஓட்டினா ஒண்ணுமே ஆகாது."

புது வேலை. நாற்பது கிலோமீட்டர் தள்ளி. இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்னொரு நாள் தாமதமானால் வரவே வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். அப்போதே மணி எட்டைத் தாண்டியிருந்தது.

"கார் ஓட்டவும் ஒரு ராசி வேணும், உனக்கு அது இல்லைன்னு சிரிக்கிறாரு," என்றாள். உடனே, புருஷனை விட்டுக்கொடுத்துவிட்டோமோ என்று பதறியவள்போல, "ஆனா பாவம், போன வாரம் அவரே புது பேட்டரி வாங்கிட்டு வந்து மாட்டினாரு," என்றாள்.

புது பேட்டரி! மீட்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பினார்.

உள்ளே போய்க் கடை பேட்டரியைத் தூக்கி வந்து, அதிலிருந்து வண்டி பேட்டரிக்கு ஒயர் கொடுத்தார். சாவியைத் திருப்பு, வண்டியைக் கிளப்பாதே என்றார்.

டேஷ்போர்டில் எண்ணெய் விளக்கு எரிந்தது. எஞ்சின் விளக்கு, கைப்பிரேக் விளக்கு எல்லாம் எரிந்தன. பேட்டரி படம் போட்ட விளக்கு மட்டும் எரியவில்லை.

"எரியாம இருந்தா நல்லதுதானே?"

வண்டி ஓடும்போது எரியக் கூடாது. சாவி போட்டதும் எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லை என்றால், அந்த விளக்கிலிருந்து ஆல்டர்னேட்டருக்குப் போகும் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஆல்டர்னேட்டர்தான் பேட்டரிக்குச் சோறு போடுவது.

வண்டியைக் கிளப்பச் சொல்லி மீட்டரை வைத்தார். பதினாலு வோல்ட் காட்ட வேண்டிய முள் பன்னிரண்டைத் தாண்டவில்லை. சோறு இறங்கவில்லை. பேட்டரி புதிதாக இருந்தென்ன, கட்டுச்சோறு தீர்கிற இடத்தில் வண்டி நின்றுவிடும். பக்கத்துத் தெருவுக்குக் காய் வாங்கப் போய்விட்டு வரலாம். நாற்பது கிலோமீட்டர் போக முடியாது.

எஞ்சினை அணைத்துவிட்டுக் குழாய்களுக்கு அடியில் கையை விட்டார். எடுத்த எடுப்பில் அகப்பட்டது அந்தச் சின்னப் பிளக்.

அறுந்திருக்கவில்லை. பூட்டை அழுத்திப் பக்குவமாகக் கழற்றி, மாட்ட வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே டேப் சுற்றி வைத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் மாட்டியிருப்பது போலவே தெரியும். எஞ்சின் முழுக்க எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடக்க, அந்த இடம் மட்டும் துணியால் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

பானட்டுக்குள் செத்து நாறிய எலிகளை வெறுங்கையால் அள்ளிப் போட்டுவிட்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்த மனுஷன் அவர். அந்தப் பிளக்கை ஒரு நிமிஷம் விரலில் பிடித்திருக்க முடியவில்லை.

"தானா கழண்டிருக்குமா அண்ணா?"

"தானா கழண்டது தானே டேப்பும் சுத்திக்குமாம்மா?"

அவள் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்திலிருந்து ஒவ்வொன்றாக வடிந்தது. ராசி வடிந்தது. பாவம் வடிந்தது. புது பேட்டரியும் போயிற்று.

"காலையில எனக்கு முன்னாடியே எழுந்து, தண்ணி இருக்கான்னு பாக்கறேன்னு பானட்டைத் திறந்தாரு," என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் டாட்டாகூட காட்டினேன்."

மீட்டர் பிளக்கை அவள் கையில் கொடுத்தார். எங்கே, எப்படி என்று காட்டினார். முதல் தடவை நழுவியது. இரண்டாம் தடவை 'டக்' என்று உட்கார்ந்தது. கிளப்பினாள். முள் பதினாலைத் தொட்டு நின்றது.

இப்போது கிளம்பினால்கூட நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் அவள் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"வழியில பார்த்தவங்க எல்லாரும் பேட்டரின்னுதான் சொன்னாங்க. நீங்க மட்டும் எப்படி அண்ணா நேரா அங்க கை வெச்சீங்க?"

இருபத்தாறு வருஷ அனுபவம்மா என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதை அப்படியே துப்பிவிட வேண்டும் போலிருந்தது.

கழுத்திலிருந்த மீட்டரைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"போன மாசம் உங்க வீட்டுக்காரர் இந்த வண்டியில இங்க வந்தாரு. பொண்டாட்டி வெளியூர் வேலைக்குக் கிளம்புறா, சேதாரம் இல்லாம, யாருக்கும் தெரியாம வண்டியை எப்படி நிறுத்தறதுன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள்.

"எந்தப் பிளக்கைக் கழட்டணும்னு காட்டிக்கொடுத்தது நான்தாம்மா."