காலி என்று சொன்ன கூடு

ஜூலை 9. சோதித்துப் பார்க்காமல் சொன்னது என் தவறு. களிமண் வகுப்பின் ஜன்னல் மூலையில் இருந்த குளவியின் மண்கூடு காலி, அதைப் பார்த்துக் களிமண்ணில் செய்யலாம் என்று பிள்ளைகளிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன். ஏழு வயது நாகேஸ்வரி அதைப் பெயர்த்தெடுத்தாள். உடைந்த அறைக்குள் வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது.

"குளவி காலி பண்ணிட்டுப் போயிருச்சுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

"கொலகாரி! கொலகாரி!" என்று மற்ற பிள்ளைகள் கத்தினார்கள். நான் அவர்களை அதட்டவில்லை. அவள் அழாமல், தன் களிமண்ணை எச்சில் தொட்டுக் குழைத்து விரிசலில் பூசி, கூட்டைப் பழைய இடத்திலேயே ஒட்டினாள்.

"பொழச்சுக்குமாக்கா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை.

"தெரியல நாகு."

நாளை செய்ய வேண்டியது: தப்பு நாகேஸ்வரியுடையது இல்லை, என்னுடையது என்று எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொல்வது.