அழாத பிள்ளைகள்

இருமல் மருந்துக்கு அடிமையாகிவிட்ட மகனை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தவளைப் பார்த்ததும் டாக்டர் எழுந்தேவிட்டார்.

“அக்கா, நீங்களா? இவன் உங்க பையனா?”

டாக்டரின் இரண்டு வயது மகள் பகலெல்லாம் இருப்பது அந்த அக்கா நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில்தான்.

“எல்லாம் கூடாத சகவாசம்மா” என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“லீவு நாள்ல என் பொண்ணு வீட்டையே ரெண்டாக்கிடுவா. பொட்டுத் தூக்கம் கிடையாது. உங்ககிட்ட மட்டும் மத்தியானமானா பெட்டிப்பாம்பா அடங்கிடுறா. ஊரார் பிள்ளைங்களை அப்படிப் பார்த்துக்கிறீங்க, சொந்தப் பிள்ளையை எப்படிக்கா கோட்டை விட்டீங்க?”

டாக்டர் பையனிடம் திரும்பினார். “முதல்ல யாருப்பா குடுத்தது? ஃப்ரெண்டா?”

அவன் தலையைத் தூக்கவில்லை. “அம்மாதான் மேடம். நான் நடக்கப் பழகுறதுக்கு முன்னாடியே. அது இல்லாம எனக்குத் தூங்கவே தெரியாது.”

டாக்டர் அவளைப் பார்த்தார்.

“வேலை மலையா கிடக்கும், கொஞ்சம் தூங்கட்டுமேன்னு ஒரு மூடி குடுப்பேன். சளி மருந்துதானேம்மா, விஷமா? என்கிட்ட வளர்ற எல்லாப் பிள்ளைங்களும் குடிக்கிறதுதான். அதுங்கல்லாம் கெட்டா போச்சு?”

டாக்டரின் கை மேஜைமேல் கார் சாவியைத் தேடியது.

“பாப்பாவை நினைச்சுப் பதறாதீங்கம்மா” என்றாள் அவள் ஆறுதலாக. “தூங்க வச்சு, பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்துக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன். முன்ன மாதிரி அடம் இல்ல. இப்பல்லாம் மூடியைப் பார்த்ததுமே அவளே வாயைத் திறந்துடுறா.”