வெறும் கிண்ணத்தின் கோடு

மாலை வகுப்பில் என் ஆய்வு சின்னது. எலி மூளையின் ரத்தக்குழாய்த் துண்டில் சிம்பதெடிக் நரம்பு நுனிகள் இருக்கும். அவை நாரட்ரினலினைக் கசியவிடும். பயந்தால் உடம்பில் ஊறும் அதே ரசாயனம். நரம்பை அடக்கும் நியூரோபெப்டைட் மருந்து ஒரு சொட்டு விட்டால் கசிவு அடங்கும். பக்கத்தில் வெறும் உப்புநீர்க் கிண்ணம். அதில் நரம்பே இல்லை; திரையில் கசிவைக் காட்டும் அதன் கோடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் என் தேர்வு போச்சு.

எலிகளை அறுக்கும் ஆய்வக அக்கா உள்ளே வரும்போதெல்லாம் அந்த வெறும் கிண்ணத்தின் கோடு ஏறியது. என் கைதான் சுத்தமில்லையோ என்று கிண்ணத்தை மாற்றினேன். அப்போதும் ஏறியது.

"தண்ணி என்னைப் பாத்து ஏன்டா பயப்படணும்? நான் என்ன பூதமா?" என்று அக்கா சிரித்தாள்.

அந்தத் தண்ணீரில் நியூரோபெப்டைட் ஒரு சொட்டு விட்டேன். கோடு மெல்ல அடங்கியது. அக்காவின் சிரிப்பும் அடங்கியது.

"இனிமே நீயே அறுத்துக்கோ, தம்பி. நான் இந்தப் பக்கமே வரல."

இன்று முதன்முதலாக நானே எலியை அறுத்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். புது உப்புநீர் ஊற்றி, கருவியை ஓடவிட்டு, சந்தேகம் தீராமல் வெளியே வந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கோடு பூஜ்யத்தில் நின்றது. அப்பாடா என்று கைப்பிடியைத் தொட்டேன்.

ஏறத் தொடங்கியது.